வீட்டில் மருந்து இருக்கிறதா?

‘மருந்து’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு மருத்துவர் என்ன கேட்டாலும் அது இரண்டு கேள்வியாகிவிடும். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, வயலுக்குத் தெளிப்பதும் மருந்து. புதுச்சேரியைச் சுற்றியுள்ள கொம்யூன்களில் ‘அவ மருந்து குடிச்சிட்டா’ என்று யாராவது ஓடிவந்து சொன்னால், எந்த மருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. சொல்கிறவரின் குரலிலேயே தெரிந்துவிடும்.

என் சித்தி மருந்து குடித்தபோது நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொண்டாள். முழங்கால் வலியோடும் சாயங்கால சீரியல்களோடும் இன்றும் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘பேரையும் ஊரையும் போட்டுடாத’ என்றாள். போடவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அவளை மூன்று முறை மருத்துவரிடம் கூட்டிப்போனவள் நான். தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சு எரிச்சல். குடும்பத்தில் படித்தவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. மருத்துவரும் பெண்தான். ‘என்னம்மா பண்ணுது?’ என்று சித்தியைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் நான் சொன்னேன். ‘தலைவலி மேடம், ரெண்டு மாசமா விடவே இல்லையாம்.’ ‘சாப்பாடு?’ ‘சரியா சாப்பிடறதில்ல மேடம்.’ மூன்றாவது முறை போனபோது அந்த மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, ‘வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?’ என்று கேட்டார். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்’ என்று உடனே சொன்னேன். சித்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார் என்பது எனக்குத் தெரியும். வெளியாள் முன்னால் குடும்பத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதும் தெரியும். இரண்டாவதைத்தான் அன்றைக்குப் படிப்பு என்று நினைத்திருந்தேன்.

வைட்டமின் மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு வாரத்துக்குள் அது நடந்தது.

மருத்துவர் வீட்டைப் பற்றிக் கேட்கலாமா, வீட்டுக்குள் உயிரை எடுக்கக்கூடிய பொருள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று விசாரிக்கலாமா என்ற கேள்வியை அமெரிக்காவில் துப்பாக்கியை முன்வைத்துப் பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒகாலா என்ற ஊரில் ஒரு குழந்தை மருத்துவர், குழந்தையோடு வந்த தாயிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர் பதில் சொல்ல மறுத்தார். அப்படியென்றால் வேறு மருத்துவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். விவகாரம் வளர்ந்து 2011இல் ஒரு சட்டமே வந்தது: சிகிச்சைக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்றாலொழிய மருத்துவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கக்கூடாது, கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது. 2017 பிப்ரவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. மருத்துவர்களின் பேச்சுரிமையை அச்சட்டம் பறிக்கிறது என்பது காரணம்.

அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு உறுத்தியது ஒன்று. மருத்துவருக்குக் கேட்க உரிமை இருக்கிறதா, துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கேட்கப்படாமல் இருக்க உரிமை இருக்கிறதா என்று இரு தரப்பும் வாதாடினார்கள். அதே வீட்டில் துப்பாக்கியின் சொந்தக்காரராக இல்லாமல் வாழ்கிறவர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. அடிக்கிற கணவனின் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் மனைவி கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2003இலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் வழக்கு உடைமையாளரின் அந்தரங்கத்தைப் பற்றியதாகவே நடந்தது. ஒகாலாவில் பதில் சொல்ல மறுத்தவர் ஒரு பெண் என்பதையும் நான் மறக்கவில்லை. காலண்டரைப் பார்த்த சித்தியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னவளும் ஒரு பெண்தான்.

நம் ஊரில் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்குவது லேசான காரியம் இல்லை. நம் பரணில் இருப்பது வேறு. வயலுக்கென்று வாங்கிப் பாதி தெளித்து மீதி வைத்த புட்டி, உரச் சாக்குக்குப் பின்னால், சில வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்கூட. 2015ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: ஒரு லட்சம் பேருக்கு 43.2. அந்த ஆண்டு இந்தியச் சராசரி 10.6. விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து ஜிப்மருக்குக் கொண்டுவரப்பட்டு இறப்பவர்களும் இதில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் திண்டிவனத்துப் பெண்ணின் சாவு புதுச்சேரியின் சாவா என்று எல்லைக் கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர்; அவர்களில் 23,178 பேரின் பெயருக்கு எதிரே ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறார்கள். உலகில் தற்கொலையால் இறக்கும் பெண்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் இந்தியப் பெண்கள் என்று 2016ஆம் ஆண்டுத் தரவை வைத்து லான்செட் குழும இதழில் கட்டுரை வந்தது. அவர்களில் எத்தனை பேர் கடைசி சில வாரங்களில் தலைவலி என்று ஒரு ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

வீட்டு விஷயத்தை மருத்துவர் கேட்பது அத்துமீறல் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பெண்ணிடம் மருத்துவம் எதைக் கேட்காமல் விட்டிருக்கிறது? கல்யாணம் ஆகிவிட்டதா, கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது, எத்தனை குழந்தை, ஏன் இன்னும் இல்லை, குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றா. பல்வலிக்குப் போனாலும் இவற்றில் இரண்டையாவது கேட்டுவிடுகிறார்கள், திரை இல்லாத அறையில், அடுத்த நோயாளியின் காதுபட. இதையெல்லாம் யாரும் அந்தரங்கம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. கேள்வி அவள் உடலைத் தாண்டி அந்த வீட்டின் ஆண்களையோ அவர்களுடைய கையையோ, அவர்கள் வாங்கி வைத்த புட்டியையோ தொடும்போதுதான் ‘அது அவங்க குடும்ப விஷயம்’ ஆகிறது.

அதற்காகப் பெண்களின் சந்தேகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருத்துவத்தின் கேள்விகள் நம்மைக் காப்பதற்காகவே கேட்கப்பட்டவை என்று நம்ப நமக்குக் காரணம் குறைவு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் உடலில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து அவளுடைய ஒழுக்கத்தைச் சான்றிதழாக எழுதித் தரும் பழக்கம் எத்தனை காலம் இருந்தது! 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தும் நிற்காமல், அதைச் செய்கிறவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. சாக முயன்றது குற்றம். தொண்டையில் குழாயோடு கிடந்தவளுக்கு வழக்கு வந்துவிடக் கூடாதே என்று தாத்தா சொன்னார்: ‘தீராத வயித்துவலிங்க.’ போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். அவருக்கும் தெரியும். தினசரிகளில் நாம் ஆயிரம் முறை படித்த வாக்கியம் அது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனை பெண்களின் வாழ்க்கை வரலாறு ‘தீராத வயிற்றுவலி’ என்ற இரண்டே சொல்லில் எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தமிழ் மாணவி ஆய்வு செய்யலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயன்றால் மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் சட்டம் போன வேகத்தில் பயம் போகவில்லை. ‘எம்.எல்.சி. போட்டுடுவாங்க’ என்று இன்றும் கேஷுவாலிட்டி வாசலில் கிசுகிசுக்கிறார்கள். மருத்துவர் பேனாவோடு கேட்டால் பெண் வாயை மூடிக்கொள்வது அறியாமையால் இல்லை.

சரி, கேட்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், யாரிடம், யார் இருக்கும்போது? திருக்குறளில் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, 95ஆவது. நோய் எதுவென்று பார்த்து அதன் மூலம் எதுவென்று பார்க்கச் சொல்லும் குறள் எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் இருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறளை அவ்வளவாக எழுதிவைப்பதில்லை. சிகிச்சைக்கு நான்கு கூறு என்று அது எண்ணுகிறது: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். வகுப்பில் இதை நடத்தும்போது நான்காவதை மெச்சிச் சொல்வேன், எவ்வளவு நுட்பமான பார்வை என்று. மெச்ச வேண்டியதுதான். ஆனால் நம் ஓ.பி.க்களில் பெண்ணோடு உட்காரும் அந்த நான்காமவர் யார்? புருஷன், மாமியார், அண்ணன், இல்லாவிட்டால் என்னைப் போல் விவரம் தெரிந்த ஒரு பெண். நோயின் மூலமே சில சமயம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சில சமயம் மூலத்துக்குக் காவலாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குக் காவல் இருந்தவள் நான். அந்த மருத்துவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். என்னை வெளியே அனுப்பாமல் கேட்டார், அவ்வளவுதான் பிழை. ‘நீங்க கொஞ்சம் வெளியில இருங்க’ என்று சொல்ல ஒரு நொடி ஆகும். அந்த வாக்கியத்தை வெளிநோயாளிப் பிரிவுகளில் மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

பம்பாயில், பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000இல் சேஹாத் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. வன்முறைக்கு ஆளாகும் பெண்களை ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடையாளம் கண்டு பேசுவதற்கான இடம் அது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். விஷம் குடித்து வந்தவளை வெறும் ‘விஷ கேஸ்’ என்று கடந்துபோகாமல், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதும் அதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வருகிற எல்லாப் பெண்களிடமும் இயந்திரம் போல வன்முறையைப் பற்றிக் கேட்கச் சொல்லவில்லை. அறிகுறி இருக்கும்போது, தனியிடத்தில், கேட்டபின் உதவ வழி இருக்கும்போது கேளுங்கள் என்கிறது. தூக்கமில்லாத இரண்டு மாதத் தலைவலி அறிகுறி இல்லையென்றால் வேறு எது?

பொருளைப் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. ‘பூச்சிமருந்தைப் பூட்டி வைங்கம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று மருத்துவருக்குத் தோன்றலாம். இலங்கையில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டக்கூடிய பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது: பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காதவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. பூட்டு வீட்டுக்குள் இருக்கிறது, சாவியும் வீட்டுக்குள் இருக்கிறது. சாவி யாருடைய இடுப்பில் என்பதை அந்த வீடு ஏற்கெனவே தீர்மானித்திருக்கிறது. பூட்டும் பொறுப்பு மட்டும் பெண்ணின் வேலைப் பட்டியலில் புதிதாக ஒன்றாகச் சேரும். நாளைக்கு மகனோ மருமகளோ எடுத்துவிட்டால் ‘நீ ஏன் பூட்டல?’ என்று அவளைத்தான் கேட்பார்கள்.

அதே இலங்கை வேறொன்றையும் காட்டியது. 1995 வாக்கில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது; அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மக்களின் துயரம் குறைந்துவிடவில்லை. அவற்றில் பெரும்பாலானவை போர் நடந்த ஆண்டுகள். துயரம் உச்சத்தில் இருந்த அந்த அரைமணி நேரத்தில் கைக்கு எட்டியது அவ்வளவு கொடியதாக இல்லை, அவ்வளவே. நமக்குப் பக்கத்தில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை ‘சிநேகா’ அமைப்பின் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவும் இரண்டு கிராமங்களில் பொதுக் கிட்டங்கி போல ஓர் இடம் அமைத்து, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பெட்டியில் வைத்து எடுத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். பயன் தெரிந்தது என்று 2013இல் எழுதினார்கள். பொருள் வீட்டைவிட்டு வெளியே போனது. அதுதான் வேலை செய்தது.

ஆகவே மருத்துவர் கேட்க வேண்டியது ‘பூட்டி வைத்திருக்கிறாயா?’ என்று இல்லை. அந்தப் புட்டி வீட்டில் இருக்கத்தான் வேண்டுமா, கொஞ்ச நாளைக்கு அதை வேறு யாராவது எடுத்துப்போய் வைத்துக்கொள்ள முடியுமா, அதை யாரிடம் சொன்னால் உனக்கு ஆபத்தில்லாமல் நடக்கும் என்று கேட்க வேண்டும். அந்த மூன்றாவது கேள்வியை அவளால் மட்டுமே பதில் சொல்ல முடியும். கணவனைக் கூப்பிட்டு ‘வீட்ல மருந்து வைக்காதீங்க, உங்க மனைவி இப்படிச் சொல்றாங்க’ என்று ஒரு மருத்துவர் நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டால், அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரசு தடை செய்யாததை, கொம்யூன் ஒரு கிட்டங்கி கட்டித் தராததை, மருத்துவரின் ஒரு கேள்வி ஈடுகட்டிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் சட்டம் வரும்வரை சித்திகள் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் செவிலியர் மாணவிகளுக்கு நோயாளிகளோடு தமிழில் பேசுவதைப் பற்றி வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தக் கேள்வியை எந்த வாக்கியத்தில் கேட்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். ‘வீட்டில் விஷம் வைத்திருக்கிறீர்களா?’ போலீஸ் கேட்பதுபோல இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். ‘வீட்ல மருந்து இருக்கா?’ என்றால் பாட்டிகள் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் காட்டுவார்கள். கடைசியில் ‘நிலத்துக்கு அடிக்கிற மருந்தை வீட்ல எங்கம்மா வெப்பீங்க?’ என்பதில் வந்து நின்றோம். நிலம் இல்லாதவர்களிடம் எலி மருந்தைக் கேட்கலாம். பிறகு, ‘உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுதா?’ என்று நேராகவே. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா என்று பயந்தார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது மனநல மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். கேட்கப்பட்டவர்களில் பலர் ஒருவாறு ஆசுவாசம் கொள்கிறார்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ‘கேட்டதும் அவங்க அழ ஆரம்பிச்சிட்டா என்ன மேடம் பண்றது? வெளியில எண்பது பேர் நிப்பாங்க. டாக்டர் என்னைத் திட்டுவாரு.’ கவுன்சிலரிடம் அனுப்பு, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எழுதிக் கொடு, சகி மையத்தைச் சொல் என்று நான் பட்டியல் போட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். திருப்தி அடைந்த மாதிரித் தெரியவில்லை. எண்பது பேருக்கு ஒரு மருத்துவரை வைத்துவிட்டு, கேட்கும் பொறுப்பைப் பத்தொன்பது வயது மாணவியின் தலையில் வைக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் அவள் கேட்டாள். அது எனக்கு வீட்டுக்கு வந்தபிறகே உறைத்தது. குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்கும் வேலையைப் பெண்ணுக்குக் கொடுப்பதுபோலவே ஆஸ்பத்திரியும் செவிலியருக்குக் கொடுக்கிறது.

இதை எழுதத் தொடங்கியபோது சித்தியிடம் போய்க் கேட்டேன். அன்றைக்கு நான் வெளியே போயிருந்தால் அந்த டாக்டரிடம் சொல்லியிருப்பாளா என்று. அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

‘தெரியலியே. சொல்லியிருப்பனோ என்னமோ.’

‘மருந்து எங்க இருக்குன்னு கேட்டிருந்தா?’

‘அது சொல்லியிருப்பேன். அடிக்கிறாரான்னு கேட்டாதான் வெக்கமா இருக்கும். மருந்து எங்கன்னு கேட்டா பரண்லன்னு சொல்றதுக்கு என்ன?’ கொஞ்ச நேரம் உரித்தாள். ‘எடுத்து வெளிய குடுத்துடும்மான்னு சொல்லியிருந்தா எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்திருப்பேன். அவங்க மாட்டுக் கொட்டாய்ல வெச்சிருப்பாங்க. எனக்கு அது தோணவே இல்ல பாரேன்.’

பிறகு, நான் கேட்காமலே, ‘நீ பக்கத்துல இருந்ததும் எனக்கு நல்லாத்தாண்டி இருந்திச்சி’ என்றாள்.